கட்டியவர்கள் எழுதி வைத்த கணக்கு

(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பிரமிடுகளைக் கட்டியது மனிதர்களா, வேற்றுக்கிரகவாசிகளா என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். பட்டிமன்ற நடுவராக இருந்தால் இரண்டு அணியையும் ஒரே தட்டில் வைத்துப் பேச வேண்டியிருக்கும். எனக்கு அந்தப் பொறுப்பு இல்லை. நான் ஒரு பக்கத்து ஆள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் எதிர்ப்பக்கத்தார் கேட்கும் கேள்வியை அதன் முழு வலுவோடு உங்கள் முன் வைத்த பிறகுதான் பதிலுக்குப் போவேன். ஒரு பெரிய கல்லைப் பார்த்து, "இதை எப்படி மேலே ஏற்றினார்கள்?" என்று கேட்கிற பிள்ளை சரியாகத்தான் கேட்கிறது. அந்த வியப்பை யாரும் அதட்டி அடக்கக் கூடாது. என் வருத்தமெல்லாம், தரையில் பதில் கிடக்கும்போது அந்தப் பிள்ளையின் முகத்தை வானத்துப் பக்கம் திருப்பிவிடுகிறவர்கள் மேல்தான்.

முதலில் கேள்வி. கெய்ரோ நகரை ஒட்டிய கீஸா மேட்டில் கூஃபு மன்னனின் பெரிய பிரமிடு நிற்கிறது. வயது ஏறக்குறைய 4,600 ஆண்டு. கட்டி முடித்த காலத்தில் உயரம் 146 மீட்டருக்குச் சற்று மேல். அடியில் ஒவ்வொரு பக்கமும் 230 மீட்டர். கற்கள் சுமார் 23 லட்சம்; சராசரியாக ஒரு கல் இரண்டரை டன். உள்ளே, மன்னனின் அறைக்கு மேலே கிடத்தப்பட்டிருக்கும் கருங்கல் உத்திரங்களில் பெரியவை 50 டன்னுக்கும் மேல். அந்தக் கருங்கல் 800 கிலோமீட்டர் தெற்கே, அஸ்வானில் வெட்டியது. நான்கு பக்கங்களும் நான்கு திசைகளை நோக்கி நிற்கின்றன. பிசகு ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இத்தனையையும் செய்தவர்கள் கையில் இரும்புக் கருவி இல்லை, கப்பி இல்லை, பாரம் இழுக்க வண்டிச் சக்கரம்கூடப் புழக்கத்தில் இல்லை. இவற்றைக் கேட்டுவிட்டு ஒருவர் மலைத்துப்போனால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

1968-ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் ஒரு விடுதி மேலாளர், எரிக் வான் டேனிகன், இந்த மலைப்பை ஒரு புத்தகமாக எழுதினார். உலகமெங்கும் கோடிக்கணக்கானோர் படித்தார்கள். அவர் போட்ட கணக்கு ஒன்று இன்றும் காணொளிகளில் சுற்றி வருகிறது: ஒரு நாளைக்குப் பத்துக் கல் அடுக்கினார்கள் என்று வைத்துக்கொண்டாலும் பிரமிடு முடிய 600 ஆண்டுக்கு மேல் ஆகும், ஆகவே மனிதரால் ஆகாது.

பெருக்கல் வகுத்தலில் பிழை இல்லை. ஆனால் அந்தப் 'பத்து' எங்கிருந்து வந்தது? யார் எண்ணியது? அந்த ஓர் எண்ணின் மேல்தான் மொத்த வாதமும் நிற்கிறது. கூஃபுவின் ஆட்சி ஏறக்குறைய 25 ஆண்டு. 23 லட்சத்தை அந்த நாட்களால் வகுத்தால் நாளொன்றுக்குச் சுமார் 250 கல். பத்து மணி நேர வேலை என்றால் இரண்டரை நிமிடத்துக்கு ஒரு கல். "இரண்டரை நிமிடத்தில் இரண்டரை டன் கல்லா!" என்று இதையும் வியப்புக்குறியோடு போடுகிறார்கள். ஒரே வரிசையில் ஒரே குழு இழுத்தால் அது வியப்புத்தான். ஐம்பது குழு இருந்தால்? ஒவ்வொன்றும் நாளைக்கு ஐந்து நடை அடித்தால் 250 வந்துவிடும். பிரமிடின் உள்கட்டுக்கான பெரும்பாலான கற்கள் சில நூறு மீட்டர் தள்ளி, அதே மேட்டில் வெட்டியவை. அந்தக் குவாரிப் பள்ளம் இன்றும் அங்கே கிடக்கிறது. குழுவுக்கு 20 பேர் என்றால் இழுப்பதற்கு 1,000 ஆள். என் கணக்கு தாராளமானது என்று யாருக்காவது தோன்றினால் மூன்று மடங்கு ஆக்குங்கள், 3,000. ஒரு பேரரசின் கணக்கில் இது பெரிய எண்ணே இல்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. மாணவர்கள் யாரேனும் இருந்தால் வீட்டுக்குப் போய் ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். பிரமிடு என்பது மேலே போகப் போகக் குறுகும் உருவம். அதன் மொத்தக் கல்லில் 70 விழுக்காடு அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்குள்ளேயே தீர்ந்துவிடுகிறது. பாதி உயரத்தைத் தொடும்போது எட்டில் ஏழு பங்கு வேலை முடிந்தது. வானத்தில் நூறு மீட்டருக்கு மேல் கல் ஏற்றுவதைத்தான் நாம் மனத்தில் படமாக வைத்திருக்கிறோம்; அந்த உயரத்துக்குப் போனது மொத்தத்தில் மிகச் சிறிய பங்கு.

1991-இல் அமெரிக்கத் தொல்லியலாளர் மார்க் லேனரும், ரோஜர் ஹாப்கின்ஸ் என்ற கல்தச்சரும் எகிப்தில் ஒரு சின்னஞ்சிறு பிரமிடைக் கட்டிப் பார்த்தார்கள். கல் வெட்டியவர்கள் 12 பேர். 22 நாளில் 186 கல் எடுத்தார்கள். அவர்கள் கையில் இரும்புக் கருவி இருந்தது, அதையும் சொல்லியாக வேண்டும். செம்பு உளியும் கல்சுத்தியலும் என்றால் ஆட்களைக் கூட்டத்தான் வேண்டும். லேனர் அதற்கும் சேர்த்தே கணக்குப் போட்டார்; சில ஆயிரம் பேருக்குள் அடங்குகிற வேலை என்று காட்டினார்.

இதுவரை நான் சொன்னது 'முடியும்' என்பதற்கான கணக்கு. முடியும் என்பது வேறு, செய்தார்கள் என்பது வேறு. செய்தவர்களே எழுதி வைத்த தாள் கிடைத்தால்? கிடைத்திருக்கிறது. இன்றைய பேச்சில் நான் அதிக நேரம் நிற்க விரும்புவது இங்கேதான்.

செங்கடல் கரையில் வாடி அல்-ஜர்ஃப் என்று ஓர் இடம். கூஃபு காலத்துத் துறைமுகம். கடலுக்கு அக்கரையில் சினாய். சினாயில் செம்புச் சுரங்கம். பிரமிடு கட்ட உளிக்குச் செம்பு வேண்டும் அல்லவா, அதற்கு இந்த வழியாகத்தான் போய் வந்தார்கள். பருவம் முடிந்ததும் படகுகளைப் பகுதி பகுதியாகப் பிரித்து, மலையடிவாரத்துப் பாறையில் குடைந்த ஏறக்குறைய முப்பது நீண்ட கிடங்குகளில் அடுக்கி, வாசலைப் பெருங்கற்களால் அடைத்துவிட்டு ஊர் திரும்புவார்கள். 2013-இல் பிரெஞ்சு ஆய்வாளர் பியேர் தாலேயின் குழு அந்த அடைப்புக் கற்களின் நடுவே செருகிக் கிடந்த, பப்பைரஸ் என்ற நாணல் தாளின் துண்டுகளை எடுத்தது. எழுத்து உள்ள பப்பைரஸ்களில் இதுவரை உலகில் கிடைத்தவற்றுள் இவையே மிகப் பழையவை.

அவற்றில் ஒன்று ஒரு மேஸ்திரியின் நாட்குறிப்பு. அவர் பெயர் மெரெர். அவருக்குக் கீழே ஏறக்குறைய 40 பேர். பெரிய பிரமிடின் மேல்போர்வைக்கு வெள்ளைச் சுண்ணாம்புக்கல் வேண்டும். அது நைல் நதியின் கிழக்குக் கரையில், துரா என்ற இடத்தில் கிடைத்தது. அதைப் படகில் ஏற்றி ஆற்றைக் கடந்து கீஸாவுக்குக் கொண்டு சேர்ப்பது மெரெர் குழுவின் வேலை. தாளில் மேலே மாதம். அதற்குக் கீழே கட்டம் கட்டமாக நாள். ஒவ்வொரு நாளுக்கும் கீழே இரண்டு பத்தி, மேலிருந்து கீழாக எழுதியது. ஒரு நாள் துராவில் கல் சேர்த்தார்கள். மறுநாள் படகில் ஏற்றிப் புறப்பட்டார்கள். கூஃபுவின் ஏரி எனப்பட்ட நீர்த்துறையில் இரவு தங்கினார்கள். அடுத்த நாள் பிரமிடுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அதற்கடுத்த காலை வெற்றுப் படகோடு மறுபடி துராவுக்கு. பத்து நாளில் இரண்டு அல்லது மூன்று நடை. மாதக்கணக்கில் இதேதான் தொடர்கிறது.

அந்தப் பதிவுகளில் வியப்பு என்பதே இல்லை. உலகத்தின் மிகப் பெரிய கட்டடத்துக்குக் கல் கொண்டு போகிறோம் என்ற மிதப்பு இல்லை. எங்கே தங்கினோம், என்ன ஏற்றினோம், எப்போது திரும்பினோம் என்பதோடு சரி. வேலை செய்கிறவன் வேலையைப் பற்றி எழுதினால் இப்படித்தான் எழுதுவான்.

அந்தப் பப்பைரஸ்களிலேயே உணவுக் கணக்கும் இருந்தது. இன்னின்ன பண்டம் இவ்வளவு வர வேண்டும், வந்தது இவ்வளவு, நிலுவை இவ்வளவு என்று மூன்று கட்டம். நிலுவைக்கென்று தனிக் கட்டம் போட்டு, வராத தானியத்தை விடாமல் எழுதி வைத்திருக்கிறான் ஒரு கணக்கன். கூஃபுவின் பிரமிடு எதனால் எழுந்தது என்று என்னை ஒரே வரியில் சொல்லச் சொன்னால், இந்த மூன்று கட்டத்தைத்தான் காட்டுவேன்.

மெரெரின் குறிப்பில் அவருடைய மேலதிகாரியின் பெயரும் வருகிறது: அன்க்ஹாஃப். கூஃபுவின் மாற்றாந்தாய் வயிற்றுச் சகோதரர். துறைமுகப் பகுதியின் பொறுப்பு அவரிடம் இருந்தது. அவருடைய மார்பளவுச் சிலை ஒன்று அமெரிக்காவில் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அரசர்களைப் பெரும்பாலும் இளமையாகவே செதுக்கிய நாட்டில் இந்த ஒரு முகம் வேறு மாதிரி. முன்தலை வழுக்கை, கண்ணுக்குக் கீழே தொங்கும் சதை, இறுகிய உதடு. நடுவயது தாண்டிய, தூக்கம் குறைந்த நிர்வாகியின் முகம். பிரமிடு வேலையை மேற்பார்த்தவரின் பெயரும் முகமும் படகு ஓட்டியவரின் நாட்குறிப்பும் நம்மிடம் இருக்கின்றன. இவ்வளவையும் வைத்துக்கொண்டு, கட்டியது யார் என்று தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது?

தொழிலாளிகள் எங்கே தங்கினார்கள் என்பதும் தெரியும். பிரமிடுகளுக்குத் தெற்கே லேனர் ஆண்டுக்கணக்காகத் தோண்டிய குடியிருப்பில் ரொட்டி சுடும் அடுப்படிகள், பெரிய பெரிய மண் அச்சுகள், மாடு ஆடுகளின் எலும்புகள் கிடைத்தன. 1990-இல் ஒரு குதிரை பழைய மண்சுவரில் கால் இடறியது; அங்கே தோண்டினால் தொழிலாளிகளின் கல்லறைகள். எகிப்தியத் தொல்லியலாளர் ஸாஹி ஹவாஸ் தலைமையில் எடுத்த எலும்புக்கூடுகளில் முதுகுத்தண்டு தேய்ந்திருந்தது. முறிந்து, நேராக வைத்துக் கட்டி, மறுபடி கூடிய கை எலும்புகள் இருந்தன. பாரம் இழுத்த உடம்புகள் அவை. காயம் பட்டால் வைத்தியம் பார்க்கவும் அங்கே ஆள் இருந்திருக்கிறது. எல்லாரும் மகிழ்ந்து பாடிக்கொண்டே இழுத்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஊர் ஊராக ஆள் திரட்டி வாங்கிய கட்டாய உழைப்பு அதில் உண்டு. ஆனால் சவுக்கடியில் செத்து மணலில் வீசப்பட்ட அடிமைகள் என்ற பழைய சினிமாப் படமும் பொய். மன்னனின் பிரமிடு நிழலிலேயே அவர்களுக்குக் கல்லறை கட்டி, வழிக்கு ரொட்டியும் பீரும் வைத்து அடக்கம் செய்திருக்கிறார்கள்.

அந்தக் குழுக்களுக்குப் பெயர் இருந்தது. 'கூஃபுவின் நண்பர்கள்' என்று ஒன்று. மென்கவுரே மன்னனின் பிரமிடு வளாகத்தில் 'மென்கவுரேயின் குடிகாரர்கள்' என்று ஒரு குழு சிவப்புச் சாயத்தில் பெயர் எழுதிவிட்டுப் போயிருக்கிறது. கூஃபுவின் பிரமிடில் மன்னனின் அறைக்கு மேலே, யாரும் நுழைய வழியே வைக்காத பொந்து அறைகளில் இப்படிப்பட்ட எழுத்துகளை 1837-இல் ஆங்கிலேயர் ஹோவர்ட் வைஸ் கண்டார். சில தலைகீழாக இருக்கின்றன. குவாரியில் எழுதிய கல்லைத் திருப்பி வைத்துக் கட்டினால் எழுத்தும் தலைகீழாகத்தானே நிற்கும்.

இனி, என் கட்சிக்கு மிக வலுவான சாட்சி என்று நான் நினைப்பதைச் சொல்கிறேன். அது பெரிய பிரமிடு அல்ல. அதற்கு முன்னால் கெட்டுப்போன வேலைகள். விண்மீன்களுக்கு இடையே பயணம் செய்யத் தெரிந்தவர்கள் வந்து கட்டிக்கொடுத்தால் முதல் கட்டடமே ஒழுங்காக நின்றிருக்க வேண்டும். எகிப்தில் நடந்தது வேறு. ஜோசர் மன்னனுக்கு இம்ஹோதெப் சக்காராவில் எழுப்பியது படிப்படியான ஆறு அடுக்கு, 60 மீட்டர் உயரம். கற்களும் சிறியவை. அதன் பிறகு கூஃபுவின் தந்தை ஸ்னெஃபெரு வருகிறார். மெய்தூமில் ஒரு பிரமிடு: வெளிப்போர்வை சரிந்து இன்று குப்பைமேட்டின் நடுவே ஒரு கோபுரம் போல நிற்கிறது. தஹ்ஷூரில் அடுத்தது. அதைக் கண்ணால் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கீழ்ப்பகுதி ஏறக்குறைய 54 பாகைச் சரிவில் செங்குத்தாக ஏறுகிறது; நடுவழியில் திடீரென்று 43 பாகைக்குப் படுத்துவிடுகிறது. 'வளைந்த பிரமிடு' என்றே அதற்குப் பெயர். கட்டிக்கொண்டிருக்கும்போதே உள்ளே விரிசல் விட்டது. லெபனான் தேவதாரு மரங்களை உள்ளறையில் முட்டுக் கொடுத்தார்கள். அந்த மரம் இன்றும் அங்கே இருக்கிறது. பாரம் தாங்காது என்று பயந்து மேல்பாதியின் சரிவைக் குறைத்தார்கள். மூன்றாவதாக, பக்கத்திலேயே, தொடக்கம் முதல் 43 பாகையில் எச்சரிக்கையாகக் கட்டியது சிவப்புப் பிரமிடு. அது நின்றது. பிறகுதான் மகன் கூஃபு ஏறக்குறைய 52 பாகைக்குத் துணிந்தார்.

மெய்தூம் முதல் கீஸா வரை எல்லாம் ஒரு மனித ஆயுளுக்குள் நடந்தது. மெய்தூமில் கல் இழுத்த இளைஞன் கீஸாவில் தன் பேரனுக்கு யோசனை சொல்லியிருக்கலாம். ஸ்னெஃபெரு தன் பிரமிடுகளில் அடுக்கிய கல்லின் மொத்த அளவு மகன் அடுக்கியதைவிட அதிகம். பெரிய பிரமிடுக்குப் பின்னால் இருந்த பயிற்சிக்கூடம் அதுதான். காணொளிகளில் கூஃபுவின் பிரமிடை மட்டும் தனியாக நிறுத்திக் காட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. அதன் அப்பாவையும் தாத்தாவையும் சேர்த்துக் காட்டினால் மர்மம் கரைந்துவிடும்.

அஸ்வான் குவாரியில் இன்னொரு சாட்சி படுத்துக் கிடக்கிறது. கூஃபுவுக்கு ஓர் ஆயிரம் ஆண்டு கழித்து வெட்டத் தொடங்கிய தூண். நீளம் 42 மீட்டர். எழுப்பியிருந்தால் எடை 1,100 டன்னை ஒட்டியிருக்கும். மூன்று பக்கமும் பிரித்தெடுத்த பிறகு பாறையில் வெடிப்பு தெரிந்தது. சரி, சிறிய தூணாவது தேறுமா என்று உள்ளே புதிய கோடு போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அதுவும் தேறவில்லை, அப்படியே விட்டுவிட்டார்கள். அதைச் சுற்றி ஓடும் பள்ளத்தில் ஒரு மனிதன் குந்தி உட்காரும் அளவுக்குத்தான் இடம். பள்ளத்தின் சுவர் முழுக்கக் கரண்டியால் அள்ளியது போன்ற குழிவுகள், ஒரே அகலத்தில், வரிசையாக. டோலரைட் என்ற கடினமான கல்லை உருண்டையாகக் கையில் பிடித்து இடித்து இடித்துக் கருங்கல்லைப் பொடியாக்கி இறக்கிய தடம் அது. அந்த உருண்டைகளும் அங்கேயே கிடந்தன. எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று மேற்பார்வையாளர் அளந்து போட்ட சிவப்புக் கோடுகளும் சுவரில் உண்டு. 1922-இல் ரெஜினால்ட் எங்கல்பாக் இந்தத் தூணை ஆராய்ந்தபோது, தானே அப்படி ஓர் உருண்டையை எடுத்து இடித்துப் பார்த்தார். கல் தேய்ந்தது, மெதுவாக, ஆனால் உறுதியாகத் தேய்ந்தது. ஒளிக்கதிரால் பாறையை அறுத்தார்கள் என்று சொல்கிறவர்கள் அந்தப் பள்ளத்துக்குள் ஒரு முறை இறங்கிக் குந்திப் பார்க்க வேண்டும்.

நகர்த்தியது எப்படி? டெயிர் எல்-பெர்ஷாவில் ஜெஹுட்டிஹோதெப் என்ற ஆளுநரின் கல்லறைச் சுவரில் படமே வரைந்திருக்கிறார்கள். சறுக்குக்கட்டையின் மேல் ஒரு பெருஞ்சிலை. நான்கு வரிசையில் 172 பேர் கயிறு பிடித்து இழுக்கிறார்கள். சிலையின் பாதத்தருகே நின்று ஒருவர் கட்டைக்கு முன்னால் தரையில் நீர் ஊற்றுகிறார். வெகு காலம் அதை ஏதோ சடங்கு என்று நினைத்தார்கள். 2014-இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள்: மணலில் சரியான அளவு ஈரம் இருந்தால் இழுக்க வேண்டிய விசை பாதியாகக் குறைகிறது. காய்ந்த மணல் கட்டைக்கு முன்னால் குவியும். ஈரமணல் இறுகி வழி விடும்.

ஈஸ்டர் தீவின் மோவாய் சிலைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கும் விண்வெளிக் கதை போயிற்று. சிலைகள் நடந்து வந்தன என்று அந்தத் தீவின் ராபா நூயி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தார்கள். வெளியார் அதைப் பழங்கதை என்று தள்ளினார்கள். ஆய்வாளர்கள் டெர்ரி ஹன்ட்டும் கார்ல் லிபோவும் நான்கு டன்னுக்கு மேலான ஒரு மாதிரிச் சிலையை நிமிர்த்தி, மூன்று கயிறு கட்டி, 18 பேரை வைத்து இப்படியும் அப்படியும் சாய்த்துச் சாய்த்து இழுத்துக் காட்டினார்கள். சிலை நடந்தது. ஊரார் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டிருந்தால் போதும்.

கேட்காததற்குக் காரணம் என்ன? இந்த இடத்தில் எனக்குக் கோபம் வரும், மறைக்கப் போவதில்லை. ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்பகுதியில் பெரிய ஜிம்பாப்வே என்ற கல்நகரம் இருக்கிறது. 11 முதல் 15-ஆம் நூற்றாண்டு வரை ஷோனா மக்களின் முன்னோர் கட்டியது. சாந்து ஒரு துளி இல்லாமல் கருங்கல்லைச் செங்கல் போல அடுக்கி 11 மீட்டர் உயரத்துக்குச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். 1871-இல் அங்கே போன ஜெர்மானியர் கார்ல் மௌக், ஷீபா நாட்டு ராணியோடு தொடர்புடைய இடம் இது என்றார். அடுத்து வந்தவர்கள் ஃபினீசியர் என்றார்கள், அரேபியர் என்றார்கள். கறுப்பர்கள் கட்டினார்கள் என்று மட்டும் சொல்ல வாய் வரவில்லை. 1905-இல் ராண்டல்-மெக்ஐவர், 1929-இல் கெர்ட்ரூட் கேட்டன்-தாம்ஸன், இருவரும் தோண்டிப் பார்த்து, ஆப்பிரிக்கர் வேலைதான் என்று திட்டவட்டமாகச் சொன்ன பிறகும் அன்று ரொடீசியா எனப்பட்ட அந்த நாட்டின் வெள்ளை அரசு விடவில்லை. உண்மையை எழுதக் கூடாதென்று தொல்லியலாளர்களை நெருக்கியது. பீட்டர் கார்லேக் என்ற ஆய்வாளர் 1970-இல் நாட்டைவிட்டே வெளியேறினார். கட்டியவர்களின் பேரப்பிள்ளைகளை நிலமற்றவர்களாக வைத்திருக்க, கட்டியது அவர்களில்லை என்று சொல்வது தேவைப்பட்டது. 1980-இல் விடுதலை பெற்ற நாடு அந்தக் கல்நகரத்தின் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்டது.

வேற்றுக்கிரகக் கதை சொல்கிற ஒவ்வொருவரும் இனவெறியர் என்று நான் சொல்லவில்லை. இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்துக்கும் அந்தக் கதை உண்டு. 12-ஆம் நூற்றாண்டிலேயே மெர்லின் என்ற மந்திரவாதியின் வேலை என்று அதைப் பற்றி எழுதினார்கள். ஆனால் எந்தப் பக்கம் கதை அதிகம் சாய்கிறது என்று பாருங்கள். இங்கிலாந்தின் லிங்கன் பேராலயக் கோபுரம் 14-ஆம் நூற்றாண்டில் பெரிய பிரமிடின் உயரத்தையே தாண்டியது என்பார்கள். அதைக் கட்டியது யார் என்று எவரும் வானத்தைப் பார்ப்பதில்லை.

நம் வீட்டுக்கும் இந்தக் கதை வந்துவிட்டது. பெருமை என்ற பெயரில் வந்திருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் உச்சியில் 80 டன் ஒற்றைக் கல், நிழல் தரையில் விழாத விமானம், மனித சக்திக்கு அப்பாற்பட்ட தொழில்நுட்பம் என்று காணொளிகள். நிழல் விழுகிறது. மாலையில் போய் நின்று யாரும் பார்க்கலாம். உச்சிச் சிகரம் பல கற்களைச் சேர்த்து அமைத்தது என்று ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். எனக்கு இவற்றைவிடப் பெரிய குறை வேறொன்று. அந்தக் கோயிலின் சுவர் முழுக்க எழுத்து. இராஜராஜன் தன் 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாள் விமானத்துக்குச் செப்புக் கலசம் கொடுத்தது அங்கே இருக்கிறது, கி.பி. 1010. பெருந்தச்சனின் பெயர் இருக்கிறது: வீரசோழன் குஞ்சரமல்லனான இராஜராஜப் பெருந்தச்சன். கோயிலில் ஆடவும் பாடவும் வந்த தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர் எந்தெந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார்கள், எந்தச் சிறகில் எத்தனையாம் வீடு, ஆளுக்கு ஆண்டுக்கு எத்தனை கலம் நெல் என்று ஒருவர் விடாமல் வெட்டி வைத்திருக்கிறான். நாவிதரையும் விடவில்லை. இத்தனை பேரை எழுதி வைத்த சுவருக்கு முன்னால் நின்று, கட்டியது வேற்றுக்கிரகவாசி என்று கைப்பேசியில் படம் பிடிப்பது பெருமையா? குஞ்சரமல்லனின் பெயர் எத்தனை பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரியும்?

எல்லோரா கைலாசநாதர் கோயிலும் அப்படித்தான். எட்டாம் நூற்றாண்டில் இராட்டிரகூட மன்னன் முதலாம் கிருஷ்ணன் காலத்தில், மலையை மேலிருந்து கீழாகக் குடைந்து எடுத்தது. அதற்கும் அப்பா, தாத்தா உண்டு: காஞ்சிக் கைலாசநாதர் கோயில், அதைப் பார்த்துப் பட்டடக்கல்லில் எழுந்த விருபாட்சர் கோயில். விருபாட்சர் கோயிலைக் கட்டிய குண்டன் என்ற சிற்பியின் பெயர் அங்கே கல்லில் இருக்கிறது. எல்லோராவைப் பற்றிப் பேசும் ஒரு செப்பேடு வடோதராவில் கிடைத்தது. கட்டிச் சில பத்தாண்டுகளுக்குள் எழுதியது. விமானங்களில் வானில் போகும் தேவர்கள் அந்தக் கோயிலைக் கண்டு திகைத்து, இது தானே தோன்றியதாக இருக்க வேண்டும், கைவேலையில் இவ்வளவு அழகு வராது என்று நினைத்தார்களாம். கட்டிய தச்சனே, இதை எப்படிச் செய்தேன் என்று தன்னைத்தானே வியந்தானாம். இன்னொன்று செய்ய அவனுக்கே ஆகவில்லையாம். வானத்திலிருந்து வந்தவர்களை அந்தப் புலவன் பார்வையாளர்களாகத்தான் நிறுத்தியிருக்கிறான். உளி தச்சன் கையில் இருந்தது.

எல்லாம் தெரிந்துவிட்டது என்று சொல்லி உங்களை அனுப்ப மாட்டேன். கூஃபுவின் பிரமிடுக்குச் சாய்தளம் எந்த வடிவில் அமைந்தது, நேராகவா, சுற்றிச் சுற்றியா, இரண்டும் கலந்தா என்று அறிஞர்கள் இன்றும் மோதிக்கொண்டிருக்கிறார்கள். 2018-இல் ஹத்னூப் குவாரியில் கூஃபு காலத்துச் செங்குத்தான சாய்தளம் ஒன்று கிடைத்தது. இருபுறமும் படிக்கட்டு, படியோரம் கம்பம் நட்ட குழிகள். கயிற்றைக் கம்பத்தில் சுற்றிக் கீழே நின்று இழுத்தால் பாரம் மேலேறும் என்பது கண்டவர்களின் கருத்து. கீஸாவிலும் அந்த முறைதானா என்பது அடுத்த விவாதம். 2017-இல் பிரமிடுக்குள் 30 மீட்டருக்குக் குறையாத ஒரு வெற்றிடம் இருப்பது தெரிந்தது. விண்வெளிக் கதிர்கள் நம் காற்றில் மோதும்போது பிறக்கும் மியுவான் என்ற துகள்கள் கல்லை ஊடுருவி வருவதை எண்ணிக் கண்டுபிடித்தார்கள். 2023-இல் வடக்கு வாசலுக்கு மேலே கற்களின் இடுக்கு வழியாக ஒரு மெல்லிய கேமராவை விட்டுப் பார்த்தபோது, 9 மீட்டர் நீளத்தில், கூரை போலச் சாய்த்து வைத்த கற்களோடு ஒரு வெற்று நடைவழி தென்பட்டது. மெரெர் காலத்துக்குப் பிறகு மனிதக் கண் அதைப் பார்த்தது அப்போதுதான். பாரத்தைப் பிரித்து இறக்க விட்ட இடமா, கட்டும்போது பயன்பட்ட வழியா, அதற்குப் பின்னால் இன்னும் ஏதாவது உண்டா என்று விவாதம் நடக்கிறது. சரிவுக் கற்களின் படத்தைக் கொண்டுவந்திருக்கிறேன். வளைந்த பிரமிடின் தேவதாரு முட்டுகளின் படமும் இருக்கிறது. முன்வரிசையிலிருந்து கைமாற்றி எல்லாரும் பாருங்கள். அதற்குள் கேள்விகளைத் தொடங்கலாம்.